வீட்டில் பூட்டும் கொம்பியூட்டர்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாணவர்களுடையவை. பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கொம்பியூட்டர் பூட்டுவது பற்றித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறோம். விலை கிழமைக்குக் கிழமை மாறுவதால் ரூபாக் கணக்கை விட்டு, நூறு ரூபாவில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று பங்காகச் சொல்கிறோம்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். புரோகிராமிங், கொஞ்சம் வீடியோ எடிற்றிங், விடுமுறையில் கேம். விஜிஏ கார்ட் வாங்க இப்போது காசில்லை. கடையில் ரைசன் 5 5500 நல்லது என்கிறார்கள். நண்பன் இன்ரெல் ஐ3 எடுக்கச் சொல்கிறான். எதை எடுக்கலாம்?
— மாணவர், கொக்குவில்

பதில்: 5500ஐ விட்டுவிடுங்கள். புரொசெசர் நல்லதுதான், ஆனால் அதற்குள் கிராபிக்ஸ், அதாவது மொனிற்றருக்குப் படம் தரும் பகுதி, இல்லை. படம் தரும் தனிக் கார்ட்டான விஜிஏ கார்ட் இல்லாமல் பூட்டினால் மொனிற்றரில் ஒன்றும் வராது. மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான், ஆகவே பெயரின் கடைசி எழுத்தைக் கவனமாகப் பாருங்கள். ரைசன் 5000 வரிசையில் ஜி அல்லது ஜிடி என்று முடிந்தால் கிராபிக்ஸ் உண்டு: 5600ஜி, 5600ஜிடி, 5500ஜிடி. வெறும் 5500, 5600 என்றால் இல்லை. இன்ரெலில் எஃப் என்று முடிந்தால் இல்லை. 12100 படம் காட்டும், 12100எஃப் காட்டாது. எஃப் சற்று மலிவாக இருப்பதைப் பார்த்து எடுத்துவிட்டு, பிறகு பழைய விஜிஏ கார்ட் தேடி அலைய வேண்டிவரும்.

உங்கள் தேவைக்கு இரண்டு வழிகள் உண்டு. ரைசன் 5 5600ஜியில் 6 கோர் (கணிக்கும் அலகு), 12 திரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை). உள்ளிருக்கும் வேகா கிராபிக்ஸில் வலோரன்ட் போன்ற இலகுவான கேம்கள் குறைந்த செற்றிங்கில் நன்றாக ஓடும். இன்ரெல் ஐ3 12100இல் 4 கோர், 8 திரெட். தனிக் கோரின் வேகம் 5600ஜியை விடக் கூட. வீடியோவை வேகமாக மாற்றித் தரும் குவிக் சிங்க் வசதியும் அதில் உண்டு, ஆனால் கேமுக்கு அதன் கிராபிக்ஸ் போதாது. கேம் வேண்டும், விஜிஏ கார்ட் ஒரு வருடத்துக்கு வராது என்றால் 5600ஜி. கேம் முக்கியமில்லை என்றால் 12100. ரைசன் 3 3200ஜி இன்னமும் கடைகளில் கிடைக்கிறது. 4 கோர், 4 திரெட் மட்டும் உள்ள 2019ஆம் ஆண்டுப் பாகம் அது. புதிதாக வாங்குபவர் எடுக்க வேண்டியதில்லை.

போட் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போட்) விடயத்தில் 5600ஜிக்கு ஏ520 போதும். பி550க்கு இரண்டாவது எம்.2 இடமும் (எஸ்எஸ்டி டிஸ்க் செருகும் இடம்) 4 ராம் ஸ்லொட்டும் கிடைக்குமென்றால் மட்டும் கூடுதல் காசைக் கொடுங்கள். பழைய பி450 போட் மலிவாகக் கிடைத்தால், பயோஸ் (போட்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்துத் தரும்படி வாங்குமுன்னே கேளுங்கள். பயோஸ் பழசாக இருந்தால் 5000 வரிசைப் புரொசெசரை அது அடையாளம் காணாது. வீட்டில் பூட்டிவிட்டுப் படம் வரவில்லை என்று நிற்பீர்கள். 12100க்கு எச்610 போட். இதில் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வகை உண்டு. ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது, வெட்டின் இடமே வேறு. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பங்கு இப்படி இருக்கலாம்: நூறு ரூபாவில் புரொசெசருக்கு 25, ராமுக்கு 22, போட்டுக்கு 18, எஸ்எஸ்டிக்கு 13, பவர் சப்ளைக்கு 13, கேசிங்குக்கு 9. மொனிற்றரும் யூபிஎஸ்ஸும் இதற்கு வெளியே. காசு தட்டுப்பட்டால் கேசிங்கில் குறையுங்கள், புரொசெசரில் ஒரு படி இறங்குங்கள். பவர் சப்ளையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஏன் என்று கீழே வரும்.

பிறகு விஜிஏ கார்ட் சேர்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கார்ட்டைப் புரொசெசருடன் இணைக்கும் பிசிஐஇ வழியில் 5600ஜி 3.0 பதிப்பை மட்டுமே தரும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்ட்டுக்கு 4 பாதைகள்தான், 3.0இல் போட்டால் வேகம் தெளிவாகக் குறையும். 8 பாதையுள்ள ஆர்எக்ஸ் 6600க்கு அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

கேள்வி: 8 ஜிபி ராம் ஒன்று போதுமா? 16 ஜிபி ஒன்றாக எடுப்பதா, 8 ஜிபி இரண்டாக எடுப்பதா?
— உயர்தர மாணவி, திருநெல்வேலி

பதில்: விஜிஏ கார்ட் இல்லாத மெஷினுக்கு 8 ஜிபி இரண்டுதான் சரி, தங்கச்சி. உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்குபோடும். டிடிஆர்4 3200 ராம் ஒன்று மட்டும் இருந்தால் செக்கனுக்கு 25.6 ஜிபி வரை தரவு போகும். இரண்டு இருந்தால் 51.2. கேமில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், சில கேம்களில் வேகம் ஒன்றரை மடங்காகும். பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிற பல மெஷின்களில் ஒற்றை ராம்தான் இருக்கும்.

2025இன் கடைசி மாதங்களில் இருந்து ராம் விலை உலகெங்கும் ஏறி நிற்கிறது. ஏஐ தரவு நிலையங்களுக்கே சில்லுகள் பெருமளவில் போகின்றன. இரண்டையும் ஒன்றாக வாங்க முடியாவிட்டால் இப்போது 8 ஜிபி ஒன்றை எடுங்கள். அதன் மாதிரி இலக்கத்தைக் குறித்து வைத்து, இரண்டாவதை அதே மாதிரியில் வாங்குங்கள். டிடிஆர்4 ராமைப் பாவித்ததாக வாங்கவும் பயப்பட வேண்டாம். ராம் தேய்கிற பொருளில்லை. மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, ஒரு பிழையும் வராவிட்டால் எடுக்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேண்டாம்.

பூட்டிய பிறகு பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்றிருப்பதை இயக்குங்கள். இயக்காவிட்டால் 3200க்குக் காசு கொடுத்த ராம் 2133இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: வீட்டில் 32 அங்குல ரீவி இருக்கிறது. மொனிற்றர் வாங்காமல் அதைப் பாவிக்கலாமா?
— மாணவர், உரும்பிராய்

பதில்: படம் பார்க்கலாம், படிக்க வேண்டாம். 32 அங்குல ரீவிகள் பலவற்றின் அளவு 1366க்கு 768 தான், எழுத்து மங்கலாக இருக்கும். சில மாதங்களுக்குச் சமாளிப்பதென்றால் ரீவியின் படச் செற்றிங்கில் ஓவர்ஸ்கானை நிறுத்துங்கள். விளிம்பு வெட்டுப்படுவதும் எழுத்துக் கலங்குவதும் ஓரளவு குறையும்.

கேள்வி: கேசிங்குடன் 500 வாட் பவர் சப்ளை சும்மா வருகிறது. தனியாக வாங்கச் சொல்கிறீர்களே, ஏன்?
— தொழினுட்பக் கல்லூரி மாணவர், கோண்டாவில்

பதில்: அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள். +12 வோல்ட் என்ற நிரலின் கீழ் எத்தனை அம்பியர் என்று இருக்கும். அதை 12ஆல் பெருக்குங்கள். கேசிங்குடன் வரும் பல பவர் சப்ளைகளில் 16 அல்லது 18 அம்பியர்தான் இருக்கும். 18ஐ 12ஆல் பெருக்கினால் 216 வாட். புரொசெசரும் விஜிஏ கார்ட்டும் வேலை செய்வது இந்த 12 வோல்ட்டில்தான். வெளியே 500 என்று எழுதியிருந்தாலும் உங்களுக்கு உதவுவது 216 மட்டுமே, அதையும் வெக்கையில் முழுதாகத் தருமென்று நம்ப முடியாது. நல்ல 500 வாட் பவர் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு 38 அம்பியருக்குக் கிட்ட இருக்கும்.

உங்களுக்கு எவ்வளவு தேவை? 5600ஜி கடும் வேலையில் 88 வாட் வரை எடுக்கும். பின்னர் ஆர்எக்ஸ் 6600 சேர்த்தால் அதற்கு 132. போட், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு 50. கூட்டினால் 270. ஆகவே உண்மையான 450 அல்லது 500 வாட் போதும். 650, 750 என்று விளம்பரத்தைப் பார்த்துக் காசைக் கொட்ட வேண்டாம். 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று உள்ளதை எடுங்கள். ஸ்ரிக்கரை யாரும் அச்சடிக்கலாம், ஆகவே மாதிரி இலக்கம் 80 பிளஸ் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். கையில் தூக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை. வெறுந்தகரம் போலப் பாரமில்லாமல் இருந்தால் உள்ளே வடிகட்டும் பாகங்களைக் குறைத்திருக்கிறார்கள்.

மலிவான பவர் சப்ளையின் பின்பக்கத்தில் 115, 230 என்று மாற்றும் ஒரு சின்னச் சிவப்புச் சுவிச் இருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட். சுவிச் 115இல் இருக்கையில் பிளக்கைப் போட்டால் உள்ளிருக்கும் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்) தாங்கும் அளவைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வோல்ட் ஏறி, வெடிச் சத்தத்துடன் எல்லாம் முடியும். சில வேளை போட்டையும் கொண்டு போகும். பழைய மெஷின் ஒன்றை வாங்கி வந்தால் முதலில் இந்தச் சுவிச்சைப் பாருங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதன்மேல் ரேப் ஒட்டுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதிய நல்ல பவர் சப்ளைகளில் இந்தச் சுவிச்சே இராது.

பவர் சப்ளையின் பழுது மெதுவாகத்தான் வெளிப்படும். காரணமில்லாமல் ரீஸ்ரார்ட் ஆகும், எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும். நீங்கள் விண்டோஸைக் குற்றம் சொல்லி இரண்டு தரம் திரும்பப் போடுவீர்கள். புரொசெசர் ஒரு படி குறைந்தால் வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். பவர் சப்ளை கெட்டால் மற்ற ஐந்து பாகங்களுக்கும் ஆபத்து. அதனால்தான் அதில் கை வைக்காதீர்கள் என்றோம்.

கேள்வி: புதிதாகப் பூட்டிய கொம்பியூட்டரின் கேசிங்கைத் தொட்டால் விறுவிறுக்கிறது. செருப்புப் போட்டால் இல்லை. பவர் சப்ளை பழுதா?
— மாணவர், வேலணை

பதில்: பெரும்பாலும் பவர் சப்ளையில் பழுதில்லை, வீட்டில் எர்த் இல்லை. எல்லாப் பவர் சப்ளையின் வாசலிலும் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கொள்ளளவிகள் உண்டு. அவை உயிர்க் கம்பியிலும் (லைவ்) நொதுமல் கம்பியிலும் (நியூற்றல்) இருந்து கேசிங்குக்குப் போகின்றன. எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு மின்னோட்டம் நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் பாதி வோல்ட்டில், அதாவது 115 வோல்ட் அளவில், மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது இந்த வோல்ட் ரீவியின் ஊடாக வழி தேடும், போர்ட் எரியும். அதைவிட, உண்மையான பழுது ஒன்று வந்து கேசிங்கில் 230 வோல்ட் ஏறினால் ரிப் சுவிச் நேரத்துக்கு விழாமல் போகலாம். ஆகவே இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் இலகுவானதைப் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் எக்ஸ்ரென்ஷனில் செருகியிருக்கிறீர்களா? அப்படியென்றால் காரணம் அதுவே. 13 அம்பியர் சதுர முள் பிளக்கை, உள்ளே பியூஸ் உள்ளதாக, நேரே சுவரில் போடுங்கள். அந்தப் பிளக்கில் 5 அம்பியர் பியூஸ் போதும். அப்படியும் விறுவிறுத்தால் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எர்த் கம்பியையும் எர்த் குழாயையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தீவகத்து மணல் நிலம் சித்திரை வைகாசியில் காய்ந்தால் எர்த்தின் தடை கூடும். மாரியில் சரியாக இருந்து கோடையில் விறுவிறுத்தால் காரணம் அநேகமாக இதுவாகவே இருக்கும். குழாயை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும், அல்லது இரண்டாவது குழாய் போட வேண்டும்.

எர்த் முள்ளை நொதுமல் கம்பியுடன் முடிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நொதுமல் கம்பி எங்காவது அறுந்தால் கேசிங் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். இதில் ஆள் சாகலாம்.

கேள்வி: 650 விஏ யூபிஎஸ் வாங்கினால் மின்வெட்டு நேரத்தில் ஒரு மணித்தியாலம் படிக்க முடியுமா?
— மாணவி, சுன்னாகம்

பதில்: முடியாது, 20 நிமிடம் என்று வையுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 அம்பியர் மணி ஈயப் பற்றரி ஒன்று. பெருக்கினால் 84 வாட் மணி. கொம்பியூட்டருக்கு 60, மொனிற்றருக்கு 20 என்று 80 வாட் இழுத்தால் ஒரு மணித்தியாலம் வருமே என்று தோன்றும். ஆனால் ஈயப் பற்றரி இப்படி வேகமாக இறக்கும்போது முழுச் சக்தியையும் தராது, அதை 230 வோல்ட்டாக மாற்றுவதிலும் ஒரு பங்கு வெக்கையாகப் போகும். கோப்பைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த 20 நிமிடம் தாராளம். யூபிஎஸ்ஸை அதற்காகவே வாங்குங்கள். மின்வெட்டில் படிக்கத்தான் வேண்டுமென்றால் ரவுட்டரையும் போனையும் அதில் ஓட்டுங்கள், அவை 15 வாட்டைத் தாண்டா.

பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் போகும். 25 பாகைக்கு மேல் 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நமது பங்குனி, சித்திரை வெக்கையில் யூபிஎஸ்ஸை அலுமாரிக்குள்ளோ மெத்தைக்கருகிலோ திணித்து வைக்காதீர்கள். லேசர் பிரின்ரரை அதில் செருகவே கூடாது. கடையில் வாங்கும்போது உங்கள் பவர் சப்ளையுடன் இணைத்து, சுவர்ப் பிளக்கை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். சில பவர் சப்ளைகள் மலிவு யூபிஎஸ்ஸின் படிப்படியான அலையைக் கண்டு நின்றுவிடும்.

இடிமுழக்கத்துக்கு யூபிஎஸ் காவல் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டால் சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள். அத்துடன் ரெலிபோன் வயரையும், கூரையில் இருந்து வரும் அன்ரெனா வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றி நெட்வேர்க் வயரை விட்டவர்களின் போட்தான் அதிகம் எரிகிறது.

கேள்வி: மகள் உயர்தரத்தில் ஐசிரி பாடம் எடுக்கிறா. புதுப் பாகங்கள் வாங்க வசதியில்லை. கந்தோர்களில் பாவித்த டெல், எச்பி மெஷின்கள் மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா?
— ஒரு தாயார், சாவகச்சேரி

பதில்: தாராளமாக வாங்குங்கள், அம்மா. உயர்தரத்துக்குத் தேவையான பைதன், தரவுத்தளம், இணையப் பக்கம் எல்லாம் இவற்றில் நன்றாக ஓடும். இந்தத் தொகைக்குப் புதிதாகப் பூட்டுவதைவிட நல்ல மெஷின் கிடைக்கும். ஆனால் தலைமுறையைக் கேளுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்ரெல் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஐ5 8500 என்றால் 8ஆம் தலைமுறை, ஐ5 6500 என்றால் 6ஆம் தலைமுறை. டெல் ஒப்ரிபிளெக்ஸ் 7060, எச்பி எலிட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்ரர் எம்720 ஆகியவை 8ஆம் தலைமுறை மெஷின்கள். 6ஆம் தலைமுறை மிக மலிவாகக் கிடைத்தால் லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாவிக்கலாம், படிப்புக்குக் குறைவில்லை.

கடையில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போட்டில் கறளோ, தலை உப்பிய கொள்ளளவியோ இருந்தால் வேண்டாம். பயோஸுக்குள் போக முடிகிறதா, கடவுச்சொல் கேட்கிறதா என்று பாருங்கள். முன் உரிமையாளர் வைத்த கடவுச்சொல்லை எடுப்பது பெரிய தலையிடி. டிஸ்க்கின் உடல்நிலையைக் கிறிஸ்ரல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைத் தரவு வைக்க விட்டுவிட்டு, விண்டோஸுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். வேகத்தில் பெரிய மாற்றம் இதனால்தான் வரும். நேரம் ஒவ்வொரு நாளும் பின்னோக்கிப் போனால் சிஆர்2032 பற்றரியை மாற்றினால் சரி.

பின்னாளில் கேம் கார்ட் பூட்டுவதுதான் கடினம். மெல்லிய கேசிங்கில் பவர் சப்ளை 200 முதல் 260 வாட் வரைதான், அதன் இணைப்பும் சாதாரண 24 முள் இல்லை. அரை உயரமுள்ள, 75 வாட்டுக்கு உட்பட்ட கார்ட் மட்டும்தான் ஏறும். தம்பிமாரும் இதில் கேம் விளையாடுவார்கள் என்றால் அகலமான கேசிங் உள்ளதைத் தேடுங்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டியாயிற்று. விசிறிகள் சுற்றுகின்றன, மொனிற்றரில் ஒன்றும் இல்லை. இரண்டு நாளாக முயல்கிறேன்.
— மாணவர், நெல்லியடி

பதில்: பாகங்களைக் கழற்றுமுன் மூன்று விடயங்களைப் பாருங்கள். மொனிற்றர் வயர் எங்கே செருகியிருக்கிறது? விஜிஏ கார்ட் இருந்தால் கார்ட்டில், இல்லாவிட்டால் போட்டில். அடுத்து, போட்டின் மேல் மூலையில் புரொசெசருக்கென்று தனி 4 அல்லது 8 முள் இணைப்பு இருக்கிறது. 24 முள் இணைப்பைக் கொடுத்துவிட்டு இதை மறப்பவர்கள் மிகப் பலர். விசிறி சுற்றும், படம் வராது. மூன்றாவது ராம். இரண்டு பக்கமும் கிளிக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். நான்கு ஸ்லொட் உள்ள போட்டில் புரொசெசர் பக்கத்தில் இருந்து எண்ணி 2ஆம், 4ஆம் இடங்களில் போடுங்கள்.

இவை சரியென்றால் ஒரு ராமை மட்டும் 2ஆம் ஸ்லொட்டில் விட்டு முயலுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, போட்டில் உள்ள வட்டப் பற்றரியை 5 நிமிடம் எடுத்துவைத்து மீண்டும் போடுங்கள். டிடிஆர்5 போட்டாக இருந்தால் முதல் தடவை சில நிமிடம் கருப்பாகவே நிற்கும், பொறுமையாக இருங்கள். அதன் பின்னும் வராவிட்டால் போட்டைக் கேசிங்கில் இருந்து எடுத்து, அது வந்த கடதாசிப் பெட்டியின் மேல் வைத்து, புரொசெசர், கூலர், ஒரு ராம், பவர் சப்ளை, மொனிற்றர் மட்டும் (உள்ளே கிராபிக்ஸ் இல்லாத புரொசெசரென்றால் விஜிஏ கார்ட்டும்) இணைத்துப் பாருங்கள். வெளியே படம் வந்து உள்ளே வராவிட்டால், கேசிங்கில் போட்டின் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு பித்தளை முட்டுக்கால் நிற்கிறது, அது போட்டின் முதுகைத் தொட்டுச் சோர்ட் ஆக்குகிறது. ஓட்டைகளை எண்ணி அதைக் கழற்றுங்கள்.

ரைசன் பெட்டியில் வரும் கூலரைப் பூட்டும்போதும் பலர் சிக்குகிறார்கள். போட்டின் இருபுறமும் உள்ள கருப்புப் பிளாஸ்ரிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும், பின்பக்கத் தகட்டை விட வேண்டும். தாங்கிகளைக் கழற்றியதும் தகடு கீழே விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்குறூவையும் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கூலரின் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ற் ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும், விரலால் தொட வேண்டாம். பின்னர் கழற்ற வேண்டிவந்தால் மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, பிளக்கை எடுத்துவிட்டு, கூலரை இடம் வலமாகத் திருகி எடுங்கள். குளிர்ந்திருக்கும்போது நேரே இழுத்தால் புரொசெசரும் சேர்ந்து பிடுங்குப்பட்டு முள் வளையும்.

கேள்வி: கொழும்பில் வாங்கினால் மலிவு என்கிறார்கள். யுனிற்றி பிளாசாவுக்குப் போய் வாங்கி வரலாமா?
— மாணவர், மானிப்பாய்

பதில்: யுனிற்றி பிளாசா இருக்கும் பம்பலப்பிட்டியில் தெரிவு அதிகம்தான். விலை வித்தியாசத்தில் இருந்து போக்குவரத்துச் செலவையும், பழுது வந்தால் திருப்பி அனுப்பும் செலவையும் கழித்துப் பாருங்கள். புரொசெசரும் ராமும் எஸ்எஸ்டியும் அரிதாகவே பழுதாகும், சின்னவை, கொழும்பில் வாங்கலாம். போட், பவர் சப்ளை, மொனிற்றர், யூபிஎஸ் ஆகியவற்றை யாழ்ப்பாணத்தில், நடந்து போய்க் கேட்கக்கூடிய கடையில் வாங்குங்கள். எந்தக் கடையென்றாலும் ஒவ்வொரு பாகத்தின் தொடர் இலக்கமும் வொறன்ரிக் காலமும் பற்றுச்சீட்டில் எழுதப்பட வேண்டும். எரிந்த தடம், கறள், உடைவு இருந்தால் வொறன்ரி இல்லை என்று பற்றுச்சீட்டின் அடியில் பொதுவாக அச்சிட்டிருப்பார்கள். கடற்கரை ஊரவர்கள் அந்த வரியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். பூட்டிய மெஷினை இரவு பஸ்ஸில் கொண்டு வருவதென்றால் விஜிஏ கார்ட்டைக் கழற்றித் தனியாகப் பொதி செய்யுங்கள். 400 கிலோமீற்றர்க் குலுக்கலில் அதன் பாரம் போட்டின் ஸ்லொட்டை உடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. முன்பிருந்த கொம்பியூட்டர் கறள் பிடித்துப் போனது. புதிதாகப் பூட்டுவதை எப்படிக் காப்பாற்றுவது?
— மாணவி, பருத்தித்துறை

பதில்: கடல் பக்க யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், நிலத்திலும் வைக்காதீர்கள். ஓர் அடி உயரமாவது இருக்கட்டும். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேசிங்கை விட்டு, வலையுள்ளதை எடுங்கள். முன்னே 120 மில்லிமீற்றர் விசிறி இரண்டு காற்றை உள்ளே இழுக்கட்டும், பின்னே ஒன்று வெளியே தள்ளட்டும். உள்ளே வரும் காற்றுக் கூடவாக இருந்தால் புழுதி வலை வழியாக மட்டுமே வரும், இடுக்குகளால் வராது. அந்த வலையை இரண்டு கிழமைக்கொரு தரம் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

மாரிகாலத்தில் மெஷினை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் அதைக் கெடுக்கும். மூன்று நாளுக்கொரு தரம் அரை மணித்தியாலம் ஓடவிட்டால் உள்ளே சூடேறி ஈரம் போகும். பொலித்தீனால் மூடி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணி போதும். படம் வராமல் போனால் முதலில் ராமைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாக உரஞ்சி, துகளைத் துடைத்துப் போடுங்கள். உப்புக்காற்று ஊர்களில் பாதிப் பழுது இதோடு தீரும்.

மூன்று மாதத்துக்கொரு தரம் புழுதி ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வேகமாகச் சுற்றவிட்டால் அதன் தாங்கி தேயும். ரயர்க் கடைக் கொம்பிரெசரால் ஊத வேண்டாம், அந்தக் காற்றில் தண்ணீர்த் துளி வரும். பின்பக்கத்தில் கார்ட் இல்லாத இடங்களின் தகடுகளைக் கழற்றி எறிந்திருந்தால் தேடி எடுத்துத் திரும்பப் பூட்டுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே போவது அந்த இடைவெளியால்தான்.